காலையில் கிளம்பும் கேரள லாரி

பத்தாம் வகுப்பு வரலாற்றை நான் பின்னாலிருந்துதான் நடத்துவேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சுதந்திரம். அடுத்து உப்புச் சத்தியாகிரகம். சிப்பாய்க் கலகத்துக்கு வந்து சேரும்போது தை பிறந்திருக்கும். தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மாணவிகளின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை கூப்பிடவில்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று முதல் நாளே தெரிந்துகொண்ட பிள்ளைகள், இவன் ஏன் வந்தான், எப்படி இத்தனை நாள் இருந்தான் என்று தாங்களாகவே கேட்பார்கள். முன்னாலிருந்து நடத்தினால் கார்த்திகை மாதத்திலேயே தூங்கிவிடுவார்கள்.

நாவலையும் அப்படித்தான் எழுதினேன். மூன்று நாவல்கள், ஒரே குடும்பம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டி. முதல் கதையில், கணவனை இழந்த ஒருத்தி நான்கு கட்டு முருங்கைக்காயை வைத்து அந்த மண்டியைத் தொடங்குகிறாள். இரண்டாவதில் அவளுடைய மகள் பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போகிறாள். மூன்றாவதில் அந்த மகளுக்கு முப்பத்தைந்து வயது. அதில் என்ன நடக்கும் என்று அப்போது எனக்கே தெரியாது. நான் முதலில் எழுதி முடித்தது இரண்டாவதை.

இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. பதினேழு வயதுப் பெண்ணை எனக்குத் தெரியும். அந்த வயதை நெருங்குகிற நாற்பது பேர் தினமும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டில் ஒருத்தி இருந்தாள். மண்டி தொடங்கிய கதைக்கு நான்கு பேரிடம் போய் விசாரிக்க வேண்டியிருந்தது. விசாரிப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், கையில் சூடாக இருப்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். இன்றைக்கு யாராவது கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

திண்டுக்கல்லில் நத்தம் சாலைப் பக்கம் எங்கள் வீடு. பள்ளியில் மிஞ்சிப்போன பழைய வினாத்தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில்தான் எழுதுவேன். என் கையெழுத்து எனக்கே சில நாள் புரியாது. பிரதி எடுத்துக் கொடுத்தவள் என் மகள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், முத்து முத்தாக எழுதுவாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் நீள நோட்டோடு அவள்.

பிரதி எடுக்கும்போது சும்மா இருக்க மாட்டாள்.

"இந்தப் புள்ளையோட அம்மா உன்ன மாதிரியே இருக்காம்மா."

"எதுல?"

"மார்க்கக் கேட்டுட்டுத்தான் சோறு போடுறா."

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில், மண்டிக்காரியின் மகள் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்றுவிடுகிறாள். முடிவு வந்த அன்று தன் ஹால் டிக்கெட்டை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டுப் போகிறாள். மத்தியானச் சோற்றுக்கு அரிசி அளக்கும்போதுதான் அம்மாவின் கைக்கு அது அகப்படும், அதற்குள் தான் பொள்ளாச்சியைத் தாண்டியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் பையில் இரண்டு பாவாடை தாவணி. சந்தைக்குப் போகிறாள். காலை வெயில் ஏறுவதற்குள் கேரளாவுக்கு லாரி கிளம்புகிறது. அவள் ஏறிவிடுகிறாள். அந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். எழுதி முடித்த அன்று எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

கோடை விடுமுறையில் நோட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த மாத நாவல்களைப் போடுகிற பதிப்பாளர் ஒருவர் அங்கே இருந்தார். கீழே அச்சகம், மாடியில் அவருடைய அறை. மெஷின் ஓடினால் மேசை மேலிருக்கும் டம்ளர் தானாக நகரும்.

"மொத பாகம் எங்க டீச்சர்?"

"இன்னும் எழுதல சார்."

"இது ரெண்டாவதா?"

"ஆமா."

"மூணாவது?"

"அதுவும் எழுதல."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கல்யாண வீட்டுல எலையப் போட்டதும் மோர ஊத்தச் சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

நான் அசரவில்லை. அட்டையில் எண்ணே போடக் கூடாது என்றேன். ஒன்று, இரண்டு என்று போட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறவர் 'இதற்கு முந்தினது எங்கே' என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிடுவார். ஒவ்வொன்றும் தனியாக நிற்கும் கதை. முதலில் பெண் போகட்டும். ஏன் போனாள் என்று கடிதம் வரும். அப்போது அம்மாவின் கதையைக் கொடுப்போம். அவள் என்ன ஆனாள் என்பது கடைசியில்.

அவர் கடைசி அத்தியாயத்தை மட்டும் நின்றுகொண்டே படித்தார். "ஏறிட்டாளே!" என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டு, "ஜூலைக்குப் போட்டுர்றேன்," என்றார்.

திண்டுக்கல் வருகிற வரைக்கும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்பத்து மூன்று வயதில் என் பெயர் புத்தக அட்டையில் வரப்போகிறது.

மே மாதக் கடைசியில் பிளஸ் டூ முடிவு வந்தது. காலைப் பேப்பரில் மகளின் எண் இல்லை. அவள் இரண்டு தடவை விரலை வைத்துப் பார்த்தாள். அழவில்லை. நான் அடுப்படியிலிருந்து, "கணக்குலதான் போயிருக்கும். படி படின்னு அன்னைக்கே சொன்னேன்," என்றேன். இன்றுவரை அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ விதமாக மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறேன்.

"ஸ்கூல் போர்டுலயும் ஒருக்கா பாத்துட்டு வாரேம்மா," என்று கிளம்பினாள். ஏழரை மணி இருக்கும்.

பத்து மணிக்கு வரவில்லை. தோழி வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கோபமும் இருந்தது. வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று பதினொன்றரைக்கு அரிசி டின்னைத் திறந்து ஆழாக்கை உள்ளே விட்டேன். காகிதம் ஒன்று தட்டுப்பட்டது.

இரட்டைப் பின்னலோடு எடுத்த படம் ஒட்டிய ஹால் டிக்கெட். அதன் மேலே அரிசிமாவு படிந்திருந்தது.

அடுத்து என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எழுதியது, அவள் பிரதி எடுத்தது. எதிர்வீட்டு அம்மாவிடம், டெலிபோன் எக்சேஞ்சில் வேலையிலிருந்த என் கணவருக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பழனி பஸ்ஸில் ஏறினேன். ஒட்டன்சத்திரம் போகும் வரையில் நான் எழுதிய மணிக்கணக்கே மனதில் ஓடியது. வெயில் ஏறுவதற்குள் லாரி. அவள் இங்கே கிளம்பியது ஏழரைக்கு. ஒரு லாரியைத் தவறவிட்டிருந்தாலும் அடுத்தது இருக்குமே. பன்னிரண்டு மணிக்குப் பொள்ளாச்சி. பதினைந்து நிமிடம் யோசித்து ஒரு வரியில் எழுதிய தூரம் அது.

சந்தையில் வெங்காய மூட்டைக்கும் தக்காளிக் கூடைக்கும் நடுவில் நடந்துகொண்டே, பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்கம்மா, மஞ்சப்பை வச்சிருக்கற புள்ளைங்களா?"

"ஆமாங்க. ஆமா."

"காலைல இருந்து முருங்கக்காய்க் கட்டுகிட்ட உக்கோந்திருக்குதுங்க. கேரளா லாரி எப்பக் கெளம்பும்னு மூணு வாட்டி கேட்டுது. அது பொழுது சாய ஆறு மணிக்கு மேல ஆவும் அம்முணி, இப்பத்தான் ஏலமே நடக்குதுன்னேன். நம்பமாட்டேங்குது. காலைலதான் கெளம்பும்னு புஸ்தகத்துல போட்டிருக்குதாமா."

அவள் அங்கேதான் இருந்தாள். பை மடியில் இருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீ தப்பா எழுதியிருக்கம்மா," என்றாள். "லாரி சாயங்காலந்தான் போகுமாம்."

பக்கத்திலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கட்டிப்பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள் கை மணிக்கட்டைப் பிடித்தேன், பிடித்தபடியே இருந்தேன். பெரியவர் இரண்டு டீயும் பன்னும் வாங்கி வரச் செய்தார்.

"பரிச்சையில போயிருச்சுங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"கணக்கு," என்று அவளே சொன்னாள்.

"அட, நானெல்லாம் அஞ்சாப்புலயே அதுலதான் போனனுங்க. போனவன் இங்கதான் வந்து உக்கோந்தேன், இன்னும் ஒரு லாரிக்காரனும் ஏத்திக்கல."

அவள் பன்னைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்தது ஒட்டன்சத்திரத்தில்தான். அப்பா ஒரு மண்டியில் மேற்பார்வைக்கு இருந்தார். ஆனால் பெண் பிள்ளைகளை மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கமே விட மாட்டார்கள். விடியற்காலையில் படுக்கையில் இருந்தபடி லாரிச் சத்தம் கேட்பேன். கேரளா லாரி என்று அண்ணன் சொல்வான். அது கிளம்புகிற சத்தம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் அப்படியே நினைத்திருந்தேன். கேரளாவில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வருகிற லாரிகளின் சத்தம் அது.

"அம்புட்டு வருஷமும் ஒருத்தர்கிட்டயும் கேக்கலயா?"

"தெரிஞ்ச விஷயத்த யாரு கேப்பா?"

ரெட்டியார்சத்திரம் தாண்டிய பிறகு நான் கேட்டேன். "லாரி இருந்திருந்தா ஏறியிருப்பியா?"

மஞ்சள் பையின் காதை விரலில் சுற்றினாள். "தெரியலம்மா. மொத ரெண்டு மணி நேரம் ஏறியிருப்பேன். அப்புறம் பசிச்சிருச்சு."

மறுநாள் காலை அந்த நோட்டின் முதல் படியை, வினாத்தாள் கட்டை, கிழித்துப் போட உட்கார்ந்தேன். மதுரையில் இருக்கும் பிரதியையும் திரும்ப வாங்கிவிடுவதென்று முடிவு. என் கணவரும் அதையேதான் சொன்னார். மகள்தான் கட்டைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இத ஏன் கிழிக்கிற? நான் பண்ணதுக்கு அவ என்ன பண்ணுவா?"

"நான் எழுதாம இருந்திருந்தா நீ போயிருப்பியா?"

"எங்கயாச்சும் போயிருப்பேன். எங்கன்னு உனக்குத் தெரிஞ்சிருக்காது." கலைந்த தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "சரி, லாரியில ஏறுனாளே, அதுக்கப்புறம் அவ என்ன ஆனா?"

"இன்னும் யோசிக்கல."

"அப்ப எதுக்கும்மா அவள ஏத்திவிட்ட? நான் அங்கன உக்காந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஏறுனா என்ன ஆகும்னு உன் நோட்டுல இல்ல. அதுக்கு மேல பக்கமே இல்ல."

வரலாற்றைப் பின்னாலிருந்து நடத்துகிறவள் நான். விடுதலை கிடைத்துவிட்டது என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் அடிபட்டவர்களின் கதையைச் சொல்வேன். என் சொந்தக் கதையில் மட்டும், புத்திசாலித்தனம் என்று நினைத்து, பிள்ளையை நடுவழியில் ஏற்றிவிட்டு நிறுத்தியிருந்தேன். நடுவிலிருந்து எழுதத் தொடங்கியது தப்பில்லை. எழுதின வரிசையிலேயே வெளியே விட நினைத்ததுதான் தப்பு.

அந்த வாரமே மதுரைக்குப் போனேன். மகளையும் கூட்டிப் போனேன். அப்போது அவளை வீட்டில் விட்டுவிட்டு என்னால் தெருமுனைக்குக்கூடப் போக முடியவில்லை. அவள் கீழே அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடிக்குப் போனேன்.

"மொத பதினாறு பக்கம் கோத்தாச்சு டீச்சர்," என்றார் பதிப்பாளர்.

"கோத்தது அப்படியே இருக்கட்டும் சார். ஆனா அது ரெண்டாவதாத்தான் வரணும். மொதல்ல வேற நாவல் வரணும்."

"அம்மா கதைய எழுதிட்டீங்களா?"

"இல்ல. இந்தப் பொண்ணுக்கு முப்பத்தஞ்சு வயசு ஆகுற கதை. அதுதான் மொதல்ல."

"எழுதிட்டீங்களா?"

"இனிமேத்தான்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அன்னைக்கி மோர்னீங்க. இன்னைக்கித் தாம்பூலப் பையக் குடுத்துட்டு எலையப் போடச் சொல்றீங்க."

வீட்டில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. அது என் பெண்ணின் விஷயம், விற்கிற சரக்கில்லை. கதையை மட்டும் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே முதல் பக்கம் எனக்குத் தெரிந்திருந்தது. "மண்டியில ஒரு பொம்பள உக்காந்துக்கிட்டு ரெண்டு லாரிக்காரங்கள ஒரே நேரத்துல திட்டுறா. அம்புட்டுப் பேரும் அவளுக்குப் பயப்படுறாங்க. இவ ஒரு காலத்துல வீட்ட விட்டு ஓடிப்போனவன்னு முதுகுக்குப் பின்னால பேசுறாங்க. அவ காதுல விழுகுது. விழுந்தும் டீயக் குடிக்கிறா. இவ ஏன் போனா, எப்படி வந்தான்னு படிக்கிறவங்களுக்குத் தோணாதா சார்?"

"திரும்பி வந்துட்டான்னு தெரிஞ்சுபோச்சுன்னா, போன கதைய எவன் டீச்சர் காசு குடுத்து வாங்குவான்?"

"சுதந்திரம் கெடச்சிருச்சுன்னு தெரிஞ்சுதான் சார் நாப்பது பிள்ளைங்க வரலாறு படிக்குது."

"அது பரிச்சைக்குப் படிக்குது."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "என்ன ஆவாளோன்னு படிக்கிறவங்க ஒரு தடவதான் படிப்பாங்க. பொழச்சுக்குவான்னு தெரிஞ்சு படிச்சா அவ கூடவே போவாங்க. லாரியில ஏறும்போது கைய நீட்டித் தூக்கிவிடுவாங்க. எழுதித் தாரேன். நல்லா இல்லேன்னா நீங்க கோத்தத மொதல்லயே போட்டுக்கங்க."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் யோசித்தார். ஜூலைக்கு வேறொருவர் கதை கைவசம் இருந்தது. "நாப்பது நாள்," என்றார். "நாப்பத்தொண்ணாம் நாளு, கோத்தது மெஷின்ல ஏறிரும்."

நான் படி இறங்கும்போது மகள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்க மை. "மொத அத்தியாயத்துல 'லாரி'ன்னு வர்ற வரியத் தலைகீழா பாத்தேம்மா," என்றாள்.

நாற்பது நாளில் எழுதினேன். பள்ளி திறந்துவிட்டது, அதனால் விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும்தான். மேசையின் எதிர்ப்பக்கத்தில் அவள் செப்டம்பர் தேர்வுக்குக் கணக்குப் போட்டாள். நடுநடுவே பிரதி எடுத்தாள். முன்னைப்போல எழுதிவிட்டுக் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டு எழுதினேன்.

"கேரளாவுல அவ எங்க தங்குனா?"

"ஒரு சாயாக்கடைக்காரம்மா வீட்டுல."

"நல்லவங்களா?"

"கோவக்காரி. ஆனா நல்லவ."

"அப்பச் சரி. கணக்குல திருப்பி எழுதிப் பாஸாயிட்டாளா?"

"நீயே சொல்லு."

பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "வேண்டாம். அவளுக்கு மண்டி இருக்கு. அவ விரல் விட்டுக் கணக்குப் போட்டாலே லாரிக்காரன் நடுங்குவான். எனக்குத்தான் மண்டி இல்ல. நான் பாஸாயிக்கிறேன்."

முப்பத்தெட்டாம் நாள் நோட்டைக் கொடுத்தேன். அந்தப் புத்தகம் முதலில் வந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அது தொங்குவதைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் போனோம். என் கணவர் ஒன்றை வாங்கி, நாங்கள் யாரென்று தெரியாத கடைக்காரரிடம், "எப்படிப் போகுது?" என்று கேட்டார். "போகுது சார், திட்டுற பொம்பள கத," என்றார் அவர். கடிதங்கள் வந்தன. பாதிப் பேர் கேட்டிருந்தது ஒன்றுதான்: அவள் ஏன் போனாள்? பதிப்பாளர் அந்தக் கடிதங்களைக் கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பினார். மேலே 'தாம்பூலம் நல்லாயிருக்காம்' என்று ஒரு சீட்டு.

மகள் செப்டம்பரில் தேறினாள். மார்க்கை நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள், சாப்பிட்ட பிறகு.

இப்போது மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை வருவாள். பஸ் அரைமணி தாமதமானால் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். அரிசியைக் காலை ஆறு மணிக்கே அளந்து வைத்துவிடுகிறேன், அவள் ஊரில் இல்லாத நாளிலும். கையை அடிவரை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் அளப்பேன்.

இரண்டாவதாக அவள் போகிற கதை அச்சுக்கு வந்தபோது, புரூஃபை மகள்தான் திருத்தினாள். கடைசி அத்தியாயத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"இங்க 'சாயங்காலம்'னு மாத்திரவா?"

"வேண்டாம்."

"ஒட்டன்சத்திரத்துக்காரங்க சிரிப்பாங்கம்மா. டீச்சருக்கு இதுகூடத் தெரியலன்னு எழுதுவாங்க."

"எழுதட்டும்."

எழுதவும் செய்தார்கள். மண்டிக்காரர் ஒருவர் ஒரு முழு இன்லண்ட் லெட்டரையும் இதற்கே செலவழித்திருந்தார். எங்களூரில் எந்த லாரியும் காலையில் கிளம்பியதில்லை, அடுத்த பதிப்பில் திருத்தவும் என்று. பதிப்பாளரும் கேட்டார். எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். வேறு எந்தத் தப்பைச் சொன்னாலும் திருத்திவிடுவேன், இதைத் தொடவிட மாட்டேன்.

இந்தப் புத்தகம் எந்த வீட்டில், எந்தப் பெண்ணின் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை நம்பி ஒருத்தி மஞ்சள் பையோடு போனால் காலையில்தான் போவாள். போய்ச் சாயங்காலம் வரைக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பசிக்கும். யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்கள். அதற்குள் அவள் வீட்டில் அரிசி அளக்கிற நேரம் வந்துவிடும்.